மலையகக் குசினியில் கன்வெக்ஷன் ஓவன்: விசிறிக்கும் உயரத்துக்கும் ஏற்பச் சமைக்கும் முறை

பட்டர் கேக் நடுவில் குழிந்துபோவது, மேற்புறம் கறுத்த பிறகும் உள்ளே மாவு பச்சையாக நிற்பது, ஒரே தட்டில் வைத்த பிஸ்கட்டுகளில் பாதி சிவந்து பாதி வெளிறிக் கிடப்பது ஆகியவை நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கங்களில் புதிதாகக் கன்வெக்ஷன் ஓவன் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள். இவற்றுக்குப் பெரும்பாலும் ஓவனையோ கைப்பக்குவத்தையோ குற்றஞ்சொல்ல முடியாது. நாம் பார்த்துச் செய்யும் குறிப்புகள் பெரும்பாலும் தாழ்நிலத்து ஊர்களில், விசிறி இல்லாத சாதாரண ஓவனில் செய்து பார்த்து எழுதப்பட்டவை. நம் வீட்டு ஓவனில் விசிறி சுழல்கிறது. நம் ஊரோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேலே இருக்கிறது. எனவே எந்தக் குறிப்பை எடுத்தாலும் விசிறிக்காக ஒரு திருத்தமும் உயரத்துக்காக இன்னொரு திருத்தமும் செய்யவேண்டியிருக்கிறது. வெப்பநிலையைப் பொறுத்தவரை இவ்விரு திருத்தங்களும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பதால், காரணம் தெரிந்து செய்தால்தான் அளவு பிடிபடும்.

ஓவனுக்குள் நடப்பது என்ன

சாதாரண மின் ஓவனில் மேலே ஒரு சூடாக்கும் கம்பியும் கீழே ஒரு கம்பியும் இருக்கும். கம்பியிலிருந்து நேராகப் பாயும் கதிர்வீச்சினாலும், சூடான தட்டைத் தொட்டிருப்பதனாலும், தானாக மெதுவாக மேலெழும் சூடான காற்றினாலும் உணவு வேகிறது. இந்தக் காற்று ஏறத்தாழ அசையாமல் நிற்பதால், குளிர்ந்த மாவையோ இறைச்சியையோ சுற்றி ஈரமும் குளிர்ச்சியுமான ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஓவனின் உள்வெப்பம் 180 பாகை செல்சியஸாக இருந்தாலும், அந்தப் படலத்தைக் கடந்துதான் வெப்பம் உணவைச் சேர வேண்டும். கம்பிக்கு அருகிலுள்ள பகுதி முந்திக்கொள்வதும் மூலையில் உள்ளது பின்தங்குவதும் காற்று இப்படித் தேங்கி நிற்பதன் விளைவே.

கன்வெக்ஷன் ஓவனின் பின்சுவரில் உள்ள விசிறி அந்தக் காற்றை இடைவிடாமல் சுழற்றுகிறது. ஒட்டியிருக்கும் குளிர்ந்த படலம் மெலிகிறது; உணவிலிருந்து வெளியேறும் நீராவி அங்கேயே தங்காமல் அடித்துச் செல்லப்படுகிறது; மேற்பரப்பு விரைவில் உலர்கிறது. மேற்பரப்பிலுள்ள நீர் தீரும்வரை அந்த இடத்தின் வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டாது. நீர் தீர்ந்த பிறகுதான் அது 140 பாகைக்கு மேலேறி, பொன்னிறமும் வறுத்த மணமும் உண்டாகின்றன. விசிறி ஓவனில் முறுகலான தோல் சீக்கிரம் வருவதன் காரணம் இதுதான்.

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்றை ஊதுகிறார்கள். காற்று அசையும்போது இலை ஒரே சீராக வாடுகிறது, அசையாவிட்டால் ஓரிடம் வாடி ஓரிடம் பச்சையாகவே கிடக்கும். கீழே உலர்த்தும் இயந்திரத்திலும் விசிறி தள்ளும் சூடான காற்றுதான் வேலை செய்கிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியபோது, இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் தட்டு வைத்துக் காய வைத்தார். பிறகு, சாமுவேல் டேவிட்சன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து சூடான காற்றால் உலர்த்தும் ‘சிரொக்கோ’ இயந்திரங்கள் இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. கரியடுப்பிலிருந்து காற்றுக்கு மாறிய அந்த மாற்றமே சிறிய அளவில் நம் குசினிக்குள்ளும் நடக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடையில் ‘கன்வெக்ஷன்’ என்று எழுதியிருக்கும் எல்லாமே ஒரே பொருள் அல்ல. கதவைத் திறந்து பின்சுவரைப் பாருங்கள். துளையிட்ட மூடிக்குப் பின்னால் விசிறி மட்டும் இருந்தால், மேல் கீழ்க் கம்பிகள் தரும் வெப்பத்தை அது கலக்கி விடுகிறது, அவ்வளவுதான். விசிறியைச் சுற்றி வளையமாக மூன்றாவது கம்பியும் இருந்தால், காற்று அந்த வளையத்தைக் கடந்து சூடாகியே உள்ளே வரும். இரண்டு தட்டுகளை ஒரே நேரத்தில் வைத்தாலும் வேக்காடு சமமாக இருக்கும். திருகு குமிழில் உள்ள படங்களும் இதையே சொல்கின்றன: மேலும் கீழும் ஒவ்வொரு கோடு இருந்தால் சாதாரண வெப்பம், இரு கோடுகளுக்கு நடுவே விசிறி இருந்தால் கலக்கும் வகை, வட்டத்துக்குள் விசிறி இருந்தால் வளையக் கம்பி வகை. வீட்டில் கேக்கும் கோழியும் செய்வதற்கு விசிறி மட்டும் உள்ள கலக்கும் வகையே போதும். கிறிஸ்மஸ் காலத்தில் பிஸ்கட்டும் கேக்கும் செய்து விற்பவர்கள் கூடுதலாகச் செலவழித்து வளையக் கம்பி உள்ளதை வாங்குவது நல்லது.

ஏர் ஃப்ரையர் என்று விற்கப்படுவதும் கன்வெக்ஷன் ஓவன்தான். அறை சிறியது, கம்பி மேலே நெருக்கமாக இருக்கிறது, விசிறியின் வேகம் அதிகம். இருவர், மூவர் உள்ள வீட்டில் கட்லட்டுக்கும் கிழங்குக்கும் அது மிகவும் பொருந்தும். ஆறு பேர் உள்ள வீட்டில் மூன்று தடவை மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருக்கும் என்பதால், 35 முதல் 45 லீற்றர் வரையான மேசை ஓவன் வசதியானது. உள்விளக்கும் தெளிவான கண்ணாடிக் கதவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறந்து திறந்து பார்ப்பதால் வீணாகும் வெப்பம் நம் குளிர்ந்த குசினியில் மெதுவாகத்தான் மீளும்.

மின் இணைப்பை நான் இரண்டாம்பட்சமாகக் கருதுவதில்லை. மேசை ஓவன்கள் பொதுவாக 1500 முதல் 2000 வாட்ஸ் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் என்றால் ஏறத்தாழ 8.7 அம்பியர். அதைச் சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகக் கொடுக்க வேண்டும். நீட்டு வயரிலோ, கேத்தலும் சேர்ந்து ஓடும் மல்டி பிளக்கிலோ கொடுக்கக் கூடாது. பழைய லயன் அறைகளில் ஒரே வயரிலிருந்து விளக்கு, தொலைக்காட்சி, கேத்தல் எல்லாவற்றுக்கும் கிளை பிரித்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஓவனைப் பொருத்தும் முன் மின் வேலை தெரிந்த ஒருவரை அழைத்து, வயரின் தடிப்பையும் எர்த் இணைப்பையும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது கட்டாயம். ஓவனின் பின்னாலும் பக்கங்களிலும் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். பலகைச் சுவரையோ திரைச்சீலையையோ ஒட்டி வைக்காதீர்கள்.

மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் அடுப்பும் எரியும்போது சில தோட்டங்களில் மின்னழுத்தம் இறங்கிவிடும். சூடாக்கும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட் 200 ஆகும்போது வெப்பம் நான்கில் மூன்று பங்குக்குக் குறைந்துவிடுகிறது. காலையில் 40 நிமிடத்தில் வெந்த கேக் இரவு ஏழு மணிக்கு இழுபறியாக நிற்பது இதனால்தான். கேக் போன்றவற்றைக் காலையிலோ முற்பகலிலோ செய்யுங்கள்.

ஓவனை அறிந்துகொள்ளும் முதல் நாள்

புதிய ஓவனை வெறுமையாக 200 பாகையில் அரை மணி நேரம், ஜன்னலைத் திறந்துவைத்து ஓட விடுங்கள். கம்பியில் பூசியிருக்கும் எண்ணெய் எரிந்து புகையாக வெளியேறும். அது ஆறிய பிறகு பாண் சோதனை ஒன்றைச் செய்யலாம். ஓவனை விசிறியுடன் 180 பாகைக்குச் சூடாக்கி, கம்பித் தட்டு முழுவதும் பாண் துண்டுகளை இடைவெளி விடாமல் அடுக்கி, எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து, இடம் மாறாமல் அப்படியே வெளியே எடுத்து மேசையில் பரப்புங்கள். பின்பக்கம் வலது மூலைத் துண்டு கபில நிறமாகவும் கதவோரத்துத் துண்டு வெள்ளையாகவும் இருந்தால், உங்கள் ஓவனின் வரைபடம் அதுதான். பெரும்பாலான சிறிய ஓவன்களில் விசிறி ஒரே பக்கமாகச் சுழல்வதால் ஒரு மூலை எப்போதும் முந்தும். முக்கால் பங்கு நேரம் ஆனதும் தட்டைப் பின்முன்னாகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். குமிழ் காட்டும் வெப்பநிலையும் உண்மையான வெப்பநிலையும் 15 பாகை வரை வேறுபடுவது மலிவான ஓவன்களில் சாதாரணம். ஆகவே உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓவனுக்கு அடுத்தபடியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, காற்று ஓட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உயரமான விளிம்புள்ள தட்டு காற்றை மறிக்கும். பிஸ்கட்டுக்கும் மரக்கறிக்கும் தாழ்ந்த விளிம்புள்ள தட்டு வேண்டும். பாத்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். கம்பித் தட்டு முழுவதும் அலுமினியத் தாளை விரிப்பது விசிறியை நிறுத்தி வைப்பதற்குச் சமம். எண்ணெய்த்தாள் விரித்தால் அதன் ஓரங்களை மடித்துப் பாத்திரத்துக்குள் அடக்கிவிடுங்கள். காற்றில் பறந்து மேல் கம்பியைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

விசிறிக்கான திருத்தமும் உயரத்துக்கான திருத்தமும்

விசிறிக்கான விதி எளிது: சாதாரண ஓவனுக்கு எழுதிய குறிப்பில் உள்ள வெப்பநிலையிலிருந்து 20 பாகை குறைக்க வேண்டும், அல்லது வெப்பநிலையை மாற்றாமல் நேரத்தில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். கேக், பிஸ்கட் போன்றவற்றுக்கு முதல் வழியும், இறைச்சி, மரக்கறி போன்றவற்றுக்கு இரண்டாம் வழியும் ஏற்றவை.

உயரம் இதைவிடச் சிக்கலானது. நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1400 மீற்றரைத் தாண்டியும், ஹட்டனும் பண்டாரவளையும் 1200 மீற்றருக்குச் சற்று மேலேயும், கண்டி 500 மீற்றர் அளவிலும் இருக்கின்றன. 300 மீற்றர் ஏறும்போது நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை இறங்குகிறது. எனவே நுவரெலியாவில் நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் 96 பாகையளவில் கொதிக்கிறது. காற்றழுத்தமும் நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் கேக் மாவுக்குள் உள்ள வாயுக்குமிழ்கள் நான்கில் ஒரு பங்கு கூடுதலாக விரிகின்றன. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே அவை அளவுக்கு மீறிப் பெருத்து உடைந்துவிடுகின்றன. நன்றாக எழும்பிய கேக் கடைசிப் பத்து நிமிடத்தில் நடுவில் அமுங்குவது அதனால்தான். நீரும் விரைவாக ஆவியாவதால் மிஞ்சும் மாவில் சீனியின் செறிவு கூடி, கேக்கின் கட்டமைப்பு மேலும் தளர்கிறது.

ஆகவே எழும்பச் செய்யும் பொருளைக் குறைத்து, சீனியைச் சற்றுக் குறைத்து, பாலைக் கூட்டி, கேக் விரைவில் இறுகும்படி வெப்பநிலையைச் சற்று உயர்த்த வேண்டும். விசிறிக்காக 20 பாகை குறைத்ததில் ஒரு பகுதியை உயரத்துக்காகத் திருப்பிக் கொடுக்கிறோம். காற்றின் அடர்த்தியும் இங்கே குறைவு என்பதால், அதே வேகத்தில் சுழலும் காற்று சுமந்து வரும் வெப்பமும் சற்றுக் குறைவுதான். இதுவும் அதே பக்கம் சாய்கிற காரணம்.

பட்டர் கேக்கை எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் செய்து பார்க்கலாம். வழக்கமான குறிப்பு 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, 4 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 60 மில்லிலீற்றர் பால், 180 பாகை என்று இருக்கும். நுவரெலியாவில் சீனியை 225 கிராமாகவும் பேக்கிங் பவுடரை மட்டமாக அளந்த ஒன்றரைத் தேக்கரண்டியாகவும் குறைத்து, பாலை 90 மில்லிலீற்றராகக் கூட்டி, ஒரு மேசைக்கரண்டி மா சேர்த்து, விசிறியுடன் 170 பாகையில் வேகவிட வேண்டும். ஹட்டன், பண்டாரவளை போன்ற இடங்களில் இம்மாற்றங்களில் பாதியும் 165 பாகையும் போதும். கண்டியில் விசிறிக்காக 160 பாகைக்கு இறக்குவது மட்டும் போதும், வேறு மாற்றம் வேண்டியதில்லை. எழும்பும் பொருள் கலந்தே விற்கப்படும் மாவில் அதன் அளவைக் குறைக்க முடியாது என்பதால், உயரத்தில் இருப்பவர்கள் சாதாரண கோதுமை மாவை வாங்கி அளந்து சேர்ப்பதே பாதுகாப்பானது.

இந்தக் கேக்கில் பலர் தவறவிடுவது பட்டரின் பக்குவம். ‘அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்’ என்று எழுதியவருடைய அறை 20 பாகைக்கு மேல் இருந்திருக்கும். தை மாதத்தில், உறைபனி விழும் காலையில், நுவரெலியாக் குசினியில் இரவு முழுவதும் வெளியே வைத்த பட்டரில் கூடக் கத்தி இறங்காது. அதைச் சீனியுடன் எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே போகாது. ஓவனை இரண்டு நிமிடம் மட்டும் சூடாக்கி அணைத்து, துண்டாக வெட்டிய பட்டரையும் முழு முட்டைகளையும் தனித்தனிக் கிண்ணங்களில் கதவைச் சற்றுத் திறந்தபடி உள்ளே வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் எண்ணெயாக உருகாத நிலையில் எடுங்கள். பிறகு பட்டரும் சீனியும் வெளிறி நுரைக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவையும் பாலையும் மாறிமாறி மெதுவாகக் கலந்து, 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றுங்கள். ஓவனைக் குறைந்தது பத்து, குளிர்காலமானால் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் வைத்து, 35ஆவது நிமிடத்திலிருந்து ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். அதற்கு முன் கதவைத் திறக்கக் கூடாது. மேற்புறம் முந்திச் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, விளிம்பை இறுக மடித்துவிடுங்கள்.

மரக்கறி, கட்லட், கோழி

மலையகத்து மரக்கறிகளுக்காகவே இந்த ஓவனைச் செய்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கறட், பீட்ரூட், வெலிமடை உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரு அங்குலத்துக்கு மிகாத துண்டுகளாக வெட்டி, துணியால் ஈரத்தைத் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகு, சற்றே இடித்த சீரகம் பிசறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, விசிறியுடன் 200 பாகையில் 25 முதல் 35 நிமிடம் வேகவிடுங்கள். லீக்ஸ், கறிமிளகாய் போன்ற மென்மையானவற்றைப் பாதி நேரத்துக்குப் பிறகு சேருங்கள். துண்டு சிறியதாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓவன் 200 பாகையில் இருந்தாலும், கிழங்கின் உள்ளே நீர் இருக்கும்வரை அந்த உட்பகுதி நுவரெலியாவில் 94 பாகையைத் தாண்டாது. பெரிய துண்டாக வைத்தால் தோல் கருகிய பிறகும் நடுவில் கடிபடும். தட்டை நிறைத்துக் குவித்தாலோ, வெளியேறும் நீராவியிலேயே எல்லாம் அவிந்து தளர்ந்துவிடும். இரண்டு தட்டுகளாகப் பிரித்து வையுங்கள். விசிறி இருப்பதன் பயன் அதற்குத்தான்.

மீன் கட்லட்டையும் ரோல்ஸையும் எண்ணெயில் பொரிக்காமல் செய்ய விரும்புவோர், பாண்தூளில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிசறி லேசாக வறுத்துவைத்துப் பிறகு அதில் புரட்டி எடுத்தால் நிறம் சமமாக வரும். 200 பாகையில் 15 முதல் 20 நிமிடம், இடையில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். பொரித்ததன் ருசி அப்படியே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். கொழுப்பு பெருமளவு குறையும், பொரித்து மிஞ்சும் எண்ணெயும் இராது, அதுவே இதன் லாபம்.

முழுக் கோழியை மசாலா பூசும் முன் உள்ளும் புறமும் நன்றாகத் துடைத்து, முடிந்தால் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வைத்தால் தோல் உலர்ந்துவிடும். ஒன்றேகால் கிலோ கோழிக்கு விசிறியுடன் 180 பாகையில் ஒரு மணி நேரம் அளவில் ஆகும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்திய வெப்பமானி 74 பாகை காட்டினால் வெந்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். விசிறி ஓவனில் நிறம் எப்போதும் வேக்காட்டை முந்திவிடும்.

விசிறியை நிறுத்த வேண்டிய இடங்கள்

காற்று நன்மை செய்யாத உணவுகளும் உண்டு. வட்டிலப்பம், கரமல் புடிங் போன்றவை ஈரத்தில், அசைவில்லாமல் இறுக வேண்டியவை. இவற்றைச் சுடுநீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைத்து, மூடி, மேல் கீழ்க் கம்பிகளை மட்டும் போட்டு 150 பாகையில் வேகவிடுங்கள். மிக மென்மையான ஸ்பொஞ்ச் கேக்கின் மேற்புறம் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து காய்ந்துவிடும். அதற்கும் விசிறி வேண்டாம்.

பாண், பணிஸ் செய்வோருக்கு இரண்டு நிலையும் தேவை. பாணின் தோல் முதல் பத்து நிமிடம் ஈரமாக, விரியக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகையால் அடித்தட்டில் வெந்நீர்க் கிண்ணம் ஒன்றை வைத்து விசிறி இல்லாமல் தொடங்கி, பாண் எழும்பி முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டு விசிறியைப் போட்டால் தோல் மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் வரும். மாவு பொங்கும் வேகத்திலும் மலையகம் தனித்தன்மை உடையது: அழுத்தக் குறைவு மாவை விரைவாகப் பொங்கச் செய்கிறது, குளிரோ ஈஸ்டைத் தூங்கவைக்கிறது. மணிக்கூட்டைப் பார்க்காமல், மாவு இரட்டிப்பாகிவிட்டதா என்பதை மட்டும் பாருங்கள். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, ஒரு கிண்ணம் சுடுநீருடன் மாவை உள்ளே மூடி வைத்தால், வெளியே 12 பாகைக் குளிர் அடிக்கும் நாளிலும் அது தடையில்லாமல் பொங்கும்.

மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில்

மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மிளகாயோ கறிவேப்பிலையோ வாரக்கணக்கில் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். உங்கள் ஓவனில் 60 பாகை வரை இறக்க முடியுமானால், மிளகாயை ஒரே அடுக்காகப் பரப்பி, விசிறியைப் போட்டு, ஈரக்காற்று வெளியேறும்படி கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி வையுங்கள். கறிவேப்பிலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் கையால் நொறுங்கும். மிளகாய்க்கு ஆறு மணி நேரத்துக்கு மேலாகலாம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குமிழ் 100 பாகையில்தான் தொடங்குகிறது என்றால் இதை முயல வேண்டாம், மிளகாய் வறுபட்டுக் கசந்துவிடும். ஈரக்காற்றில் நமத்துப்போன முறுக்கையும் பிஸ்கட்டையும் 120 பாகையில் ஐந்தாறு நிமிடம் வைத்து வெளியே ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு திரும்பும். சூடாக இருக்கும்போது டப்பாவில் அடைத்துவிடக் கூடாது.

மின்கட்டணத்தைப் பற்றிய அச்சத்துக்கு மீற்றரே பதில் சொல்லும். 1800 வாட்ஸ் ஓவன் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 1.8 யூனிட் ஆகும். உண்மையில் குறித்த வெப்பம் வந்ததும் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் செலவு அதைவிடக் குறைவு. சமைக்கும் முன்னும் பின்னும் மீற்றரைக் குறித்து வைத்துக் கழித்துப் பாருங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் யூனிட் கூடக் கூட உயரும் படிநிலைகளில் இருப்பதால், மாதக் கடைசியில் படி தாண்டும் நிலையில் உள்ளவர்கள் ஒருமுறை சூடாக்கியதிலேயே கோழியையும் மரக்கறியையும் மேல் கீழ்த் தட்டுகளில் சேர்த்துச் செய்வது புத்திசாலித்தனம். கோழியைக் கீழ்த்தட்டில் வையுங்கள், அதன் சாறு மரக்கறியில் சொட்டாது. அணைத்த பிறகும் உள்ளே நிற்கும் சூட்டில் அடுத்த நாளுக்கான பாண்தூளையும் காயவைத்துக்கொள்ளலாம்.

கோழி வைத்த ஒவ்வொரு தடவைக்குப் பிறகும், ஓவன் முழுவதும் ஆறி பிளக்கைக் கழற்றிய பின், பின்சுவரின் துளை மூடியைச் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். அங்கே படியும் எண்ணெய் துளைகளை அடைத்துக் காற்றைக் குறைப்பதுடன், அடுத்த தடவை புகைந்து கேக்கில் கோழி மணத்தை ஏற்றிவிடும். விசிறி வழக்கத்துக்கு மாறாக உராயும் சத்தம் எழுப்பினாலோ, சுழலாமல் கம்பி மட்டும் எரிந்தாலோ, திருத்தும்வரை விசிறி நிலையில் ஓவனை இயக்காதீர்கள்.